செம்பனை பிளாக் எல்லையிலிருந்து 20 மீட்டர்: ஷேப்லி ஏன் பூஜ்யம் காட்டுகிறது?

வணக்கம். சுங்கை சிப்புட் தோட்டத்தில் கைப்பேசிப் புள்ளி எல்லைக்கு 20 மீட்டருக்குள் வந்தால் எச்சரிக்கை வேண்டும், ஆனால் பைத்தானில் ஷேப்லி (வடிவங்களைக் கணக்கிடும் நிரல் தொகுப்பு) சில இடத்தில் 0, சில இடத்தில் 0.0002 வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வெவ்வேறு தவறுகள்.

பூஜ்யம் வரக் காரணம், நீங்கள் பாலிகனிடமே, அதாவது பிளாக்கின் முழுப் பரப்பிடமே, தூரம் கேட்கிறீர்கள். புள்ளி உள்ளே இருந்தால், நட்ட நடுவில் நின்றாலும் ஷேப்லி 0தான் தரும். பாலிகனின் பவுண்டரியை, அதாவது எல்லைக் கோட்டை, எடுத்து, அந்தக் கோட்டிலிருந்து தூரம் கேளுங்கள். உள்ளேயா வெளியேயா என்பதை ஷேப்லியின் கன்டெய்ன்ஸ் சோதனை கொண்டு தனியாகப் பாருங்கள்.

0.0002 என்பது பாகை. உங்கள் ஊரில் ஏறக்குறைய 22 மீட்டர். 1,11,000-ஆல் பெருக்கினாலே அங்கே ஓரளவு சரியாக வரும், பூமத்திய ரேகை பக்கம்தானே. இருந்தாலும் அந்தப் பழக்கம் வேண்டாம். பைப்ராஜ் (ஆள்கூறுகளை மாற்றும் பைத்தான் தொகுப்பு) கொண்டு எல்லை, புள்ளி இரண்டையும் இபிஎஸ்ஜி 3375-க்கு மாற்றுங்கள். இபிஎஸ்ஜி என்பது ஆள்கூற்று முறைகளுக்கான குறியீட்டு எண். 3375 தீபகற்ப மலேசியாவுக்கான, மீட்டரில் அளக்கும் முறை. மாற்றும்போது 'ஆல்வேஸ் எக்ஸ்ஒய்' ட்ரூ என்று கொடுத்து, தீர்க்கரேகையை முதலில் அனுப்புங்கள்: 101.07, பிறகு 4.82. இதை விட்டால் 101 அட்சரேகையாகிவிடும், விடை 'இன்ஃப்' (முடிவிலி) என்று வரும். பழைய நில அளவை வரைபடம் கெர்தாவ் என்ற பழைய ஆள்கூற்று முறையில் இருக்கலாம், அதற்கு இபிஎஸ்ஜி 3168. எண்ணை மாற்றிப் போட்டால் எல்லை முழுவதும் தள்ளி விழும்.

எல்லைக் கற்களுக்கு மட்டும் தூரம் பார்க்காதீர்கள். இரண்டு கல்லுக்கு நடுவே 200 மீட்டர் இருந்தால், கோட்டின் மேலேயே சரிபாதியில் நிற்பவருக்கும் 100 என்று காட்டும்.

செம்பனை மட்டைகளுக்கு அடியில் ஜிபிஎஸ் 10 மீட்டருக்கு மேலும் தடுமாறும். கைப்பேசி தரும் துல்லிய மதிப்பை (எத்தனை மீட்டர் பிழை இருக்கலாம் என்பதை) 20-உடன் கூட்டியே ஒப்பிடுங்கள்.