பொலேரோ பிக்கப் ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை. 100/90 பல்பு போடலாமா, எல்இடி போடலாமா?

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். ஊத்துக்கோட்டையிலிருந்து கோயம்பேட்டுக்கு ராத்திரியில் காய்கறி ஏற்றி வருகிறீர்கள், பெரியபாளையம் பக்கம் ரோட்டில் நிற்கும் மாடு கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கடையில் 100/90 வாட் போடச் சொன்னார்கள், இன்னொரு கடையில் எல்இடி. இரண்டு கடையிலும் யாராவது மீட்டர் வைத்துப் பார்த்தார்களா?

பல்பின் பின்னால் மூன்று பின் இருந்தால் அது எச்4 ரகம், 60/55 வாட், அதாவது பிரைட்டில் 60, டிம்மில் 55. புதுப் பல்பு 13.2 வோல்ட்டில் டிம்மில் சுமார் 1000 லூமென், பிரைட்டில் சுமார் 1650 லூமென் தரவேண்டும் என்பது கணக்கு (லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு). வண்டி ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட் பக்கம் இருக்கும். ஆனால் அது அப்படியே பல்புக்குப் போவதில்லை. ஃபியூஸ் பாக்ஸ், ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச், மெல்லிய வயர், துரு ஏறிய எர்த் என்று வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திவிட்டுத்தான் ஹோல்டருக்கு வருகிறது. இந்த மாதிரி ஹாலஜன் பல்பில் வோல்ட் கொஞ்சம் இறங்கினாலே வெளிச்சம் அதைவிட வேகமாக இறங்கும். 12 வோல்ட்தான் கிடைக்கிறது என்றால் கால் பங்குக்கு மேல் வெளிச்சம் போச்சு. 11.5 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. பல்பு எரிகிறதே என்று நாம் வோல்ட்டைச் சந்தேகப்படுவதே இல்லை.

எங்கள் வீட்டில் ஓடுவது அசோக் லேலண்ட் தோஸ்த், காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றுகிற வண்டி. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீரும் கடல்காற்றும் சேர்ந்து கனெக்டரெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. பேட்டரியில் 14க்குக் கிட்டே காட்டிய மீட்டர், ஹோல்டரில் 12ஐத் தொடவில்லை. எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரிலே கிட் மாட்டியதும் அதே பழைய பல்பிலேயே ரோடு தெரிந்தது. பல்பு மாற்றியது அதற்குப் பிறகுதான்.

உங்கள் வண்டியில் இதைப் பார்க்கப் பெரிய மெக்கானிக் வேண்டாம், சாதாரண மல்டிமீட்டர் போதும். இன்ஜின் ஓடட்டும், லைட் எரியட்டும். பல்பு எரியாமல் அளந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் காட்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸில் வையுங்கள். மறு முனையை, ஹோல்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக டிம் வயரில் தொடுங்கள். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். அப்புறம் எர்த் பக்கம், பேட்டரி மைனஸுக்கும் ஹோல்டரின் எர்த் வயருக்கும் இடையில் அதேபோல் பாருங்கள். இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டைத் தாண்டினால் முதல் செலவு வயரிங்கில்.

ரிலே கிட் என்பது வேறொன்றும் இல்லை. பேட்டரியிலிருந்து தடிமனான வயர் நேராக ஹெட்லைட்டுக்குப் போகும், நடுவில் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே, அதாவது சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச். பழைய வயரும் சுவிட்சும் அந்த ரிலேக்களைத் தட்டிவிடும் வேலையை மட்டும் பார்க்கும். சுவிட்சில் ஓடும் கரண்ட் குறைந்துவிடுவதால் அதுவும் கூடுதல் காலம் வரும்.

100/90 ஏன் வேண்டாம் என்பதற்கும் காரணம் இங்கேதான். பிரைட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து இப்போது சுமார் 10 ஆம்பியர் ஓடுகிறது. அது 17 ஆம்பியர் பக்கம் போகும். கரண்ட் ஏற ஏற அந்த மெல்லிய வயரில் இழப்பும் ஏறும், கூடக் கொடுத்ததில் ஒரு பகுதி வயரைச் சூடாக்கத்தான் போகும். ஹோல்டர் இளகும், சுவிட்ச் கருகும், உள்ளே ரிஃப்ளெக்டர் மங்கும். ரிலே போட்டால் சுவிட்ச் தப்பிக்கும், ஆனால் பிளாஸ்டிக் கண்ணாடிக்கும் ரிஃப்ளெக்டருக்கும் அந்தச் சூடு அப்படியேதான். போதாததற்கு எதிரே வருகிறவர் சாபம் வேறு.

எல்இடி விஷயத்தில் பெட்டியில் போட்டிருக்கும் '20,000 லூமென்' எல்லாம் வியாபாரப் பேச்சு. எச்4 பல்பின் டிம் இழைக்குக் கீழே சின்னதாக ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது கீழ்ப்பக்க வெளிச்சத்தைத் தடுப்பதால்தான் டிம்மில் மேலே ஒரு கோடு வெட்டினதுபோல் விழுகிறது. ரிஃப்ளெக்டர் முழுக்க அந்த இழை இருக்கும் இடத்தை வைத்துச் செய்தது. எல்இடி சிப் ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் வெளிச்சம் சிதறும். பம்பருக்கு முன்னால் பத்தடி பளிச்சென்று இருக்கும். கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடுவதால் தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகத் தெரியும். உங்களுக்கு வேண்டியதோ தூரத்தில் நிற்கும் மாடு. எல்இடிதான் வேண்டும் என்றால் அதற்கென்றே செய்த முழு ஹெட்லைட் யூனிட்டை மாற்றுவது வேறு கதை, பல்பை மட்டும் மாற்றுவதை நான் சொல்ல மாட்டேன். சட்டமும் இருக்கிறது: 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, முன் வெளிச்சம் எதிரே இருப்பவர் கண்ணைக் கூசவைக்காதபடி கீழ்நோக்கி இருக்கவேண்டும் என்கிறது. நம்முடையது எஃப்சிக்கு (தகுதிச் சான்றிதழுக்கு) போகிற வண்டி, அங்கே போய் வாதாட முடியாது.

வயரிங் சரியான பிறகு பல்பு வாங்குங்கள். பிலிப்ஸ், ஆஸ்ரம் இரண்டிலும் அதே 60/55 வாட்டில் '30 சதவீதம் கூடுதல்', '100 சதவீதம் கூடுதல்' என்று வரும். மொத்த வெளிச்சம் இரட்டிப்பாகிறது என்று நினைக்கவேண்டாம். இழையை இன்னும் நெருக்கமாகச் சுற்றி, ரோட்டின் குறிப்பிட்ட தூரத்தில் வெளிச்சத்தைக் குவிக்கிறார்கள். அதற்கு விலை பல்பின் ஆயுள். தினமும் ராத்திரி ஓடுகிற வண்டிக்கு 30 சதவீத ரகம் போதும், ஜோடியாக மாற்றுங்கள். நீலம் பூசியதைத் தொடவே வேண்டாம். வெள்ளையாகத் தெரியும், ஆனால் அந்தப் பூச்சே கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடும். மாட்டும்போது கண்ணாடியில் விரல் படக்கூடாது, பட்டால் ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள்.

ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளடித்திருந்தால் பாலிஷ் போடுங்கள், மேலே யூவி கோட்டிங்கும் சேர்த்து. கோட்டிங் இல்லாவிட்டால் சென்னை வெயிலில் சீக்கிரமே பழையபடி ஆகிவிடும்.

பிக்கப்காரர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது ஒன்று உண்டு. மூட்டை ஏறினால் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும், டிம்மே பிரைட் மாதிரி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், நமக்கோ ரோட்டுக்குப் பதில் புளியமரக் கிளை தெரியும். வழக்கமாக ஏற்றும் லோடோடு, சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டிம்மின் மேல்கோடு பல்பின் உயரத்தைவிட 10 முதல் 15 செ.மீ. கீழே விழவேண்டும். டாஷ்போர்டில் உயரம் மாற்றும் குமிழ் இருந்தால் லோடு ஏற்றியதும் எண்ணைக் கூட்டுங்கள், காலியாகத் திரும்பும்போது பூஜ்யத்துக்கு.

ரிலே கிட்டும் பல்பும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கலாம். ஹோல்டர் பீங்கானா என்று கேளுங்கள். வயர் 2.5 சதுர மில்லிமீட்டராவது இருக்கட்டும், நுனியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வேறு கடை பாருங்கள். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வரும்படி மாட்டச் சொல்லுங்கள், ரிலேயைத் தண்ணீர் தெறிக்காத உயரத்தில், வயர் வெளியேறும் பக்கம் கீழே பார்த்தபடி வைக்கச் சொல்லுங்கள்.