மூன்று மணி நேரம், இரண்டு குழந்தைகள்

அன்புள்ள அக்கா,

மாலையில் 3 மணி நேரம் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறேன். பையனுக்கு 7 வயது, தங்கைக்கு 3. எதை ஆரம்பித்தாலும் பத்து நிமிடத்தில் சலித்துப்போய் போனைக் கேட்கிறார்கள். அவனுக்குப் பிடித்தது அவளுக்குச் செய்ய வருவதில்லை. வீட்டில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

3 வயதில் பத்து நிமிடம் ஒன்றில் ஒட்டியிருப்பதே பெரிய விஷயம். அதைக் குறையாக நினைக்காதீர்கள். எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டுக் குழந்தைகளைக் கூப்பிடுவதாக இருந்தால், அதை மட்டும் மாற்றிப் பாருங்கள். தயார் செய்யும் வேலையையே அவர்களிடம் கொடுங்கள். ஒரே வேலையில் ஆளுக்கொரு பங்கு கிடைத்தால் வயது வித்தியாசம் இடிக்காது.

இதற்கு, உருட்டி விளையாடும் மாவு பிசைவதுபோல ஒன்று கிடையாது. மைதா 2 கப், பொடியுப்பு அரை கப், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணீர் ஏறத்தாழ 1 கப். அளப்பது அண்ணன் வேலை, பிசைவது தங்கை வேலை. கல்லுப்பு வேண்டாம், கரையாமல் கையில் நறநறக்கும். நிறம் சேர்ப்பதானால் முதலில் தண்ணீரில் கலக்குங்கள். பிசைந்த மாவில் ஊற்றினால் திட்டுத்திட்டாக நிற்கும், கையெல்லாம் சாயம் ஏறும். தண்ணீரை முக்கால் கப்போடு நிறுத்தி, மீதியைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு நிமிடம் விரலிடுக்கெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். பலரும் அங்கேதான் பயந்து இன்னும் மைதாவை அள்ளிக் கொட்டுகிறார்கள், பிறகு உருட்டும்போது வெடிக்கிறது. ஐந்து நிமிடம் விடாமல் பிசைந்தபின்னும் ஒட்டினால் மட்டும் ஒரு கரண்டி மாவு போதும்.

ஆரம்பிக்கும் முன் இருவர் கையிலும் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். உப்பு பட்டால் சுரீரென்று எரியும், அன்றைய விளையாட்டு அத்தோடு முடிந்தது. வாயில் போட விடாதீர்கள்: பச்சை மாவும் ஆகாது, இவ்வளவு உப்பும் ஆகாது. சீப்பு, மூடி, கரண்டிக் காம்பு என்று அச்சு பதிக்க ஏதாவது கொடுங்கள். பொத்தான், மணி போன்ற சின்னச் சாமான்கள் மட்டும் கூடாது. டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதுவும் 3 வயதுக் குழந்தையின் தொண்டையில் சிக்கலாம். காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் மாவு அடுத்தடுத்த நாட்களுக்கும் வரும். ஈரமான பருவத்தில் உப்பு தண்ணீர் விடும், அப்போது கொஞ்சம் மாவு தூவிப் பிசைந்துகொள்ளலாம்.

சோப்புக் குமிழிக்கு 6 பங்கு தண்ணீர், 1 பங்கு பாத்திரம் கழுவும் திரவம், 1 கரண்டி சர்க்கரை. சர்க்கரை சேர்ந்தால் நீர் மெதுவாக ஆவியாகும், குமிழி சற்று நேரம் நிற்கும். அடித்துக் கலக்கினால் நுரைதான் மிஞ்சும். சின்னவள் ஊதாமல் உறிஞ்சிவிடுவாள் என்பதால், அவள் ஸ்ட்ராவின் மேல்பாதியில் சிறு துளை வெட்டுங்கள். உறிஞ்சினாலும் பெரும்பாலும் காற்றுதான் வரும். தரை வழுக்கும், ஆகவே வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி அரை மணிக்கு மாஸ்கிங் டேப் போதும். தரையில் 2 மீட்டர் நேர்கோடு, பக்கத்தில் ஒரு வளைந்த கோடு. அவள் நேர்கோட்டில் நடக்கட்டும், அவன் கரண்டியில் பந்தை ஏந்திக்கொண்டு வளைவில் போகட்டும். டேப்பை நாள்கணக்கில் விட்டால் பசை தரையில் தங்கிவிடும். கிளம்பும் முன் ஓர் ஓரத்தை நீங்கள் கிளப்பிவிட்டு, மிச்சத்தை உரிக்கும் வேலையைச் சின்னவளிடம் கொடுங்கள். நடந்ததைவிட அதைத்தான் அவள் அதிக நேரம் செய்வாள்.

அன்புடன்,
அக்கா