கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயமா? டர்பனிலிருந்து ஒரு பதில்

திருமணமாகித் தென்னாப்பிரிக்கா வந்துள்ள தங்கையிடம் அரசு கிளினிக்கில் முதல் வருகையிலேயே எச்.ஐ.வி. பரிசோதனை செய்யச் சொன்னார்களாம். இது கட்டாயமா, அவமதிப்பா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் இல்லை. இங்கே எல்லாக் கர்ப்பிணிகளிடமும் கேட்கிறார்கள். மறுக்கும் உரிமை உண்டு, மறுத்தாலும் மற்றப் பேறுகாலக் கவனிப்பு நிற்காது. 2019-இல் நாடு முழுவதும் அரசு கிளினிக்குகளுக்கு வந்த கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்குத் தொற்று இருந்தது. ஆள் பார்த்துக் கேட்டால்தான் அது அவமதிப்பு.

ஆயினும் கேட்கும் விதத்தில் ஒரு சிக்கல் உண்டு. மதுரையிலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில் நான் முதல் குழந்தையைச் சுமந்தபோது, கிளினிக்கில் ஆங்கிலமும் ஜூலுவும்தான் பேசினார்கள். ஆலோசகர் ஏழெட்டு நிமிடம் விளக்கியதை உடன் வந்த நாத்தனார், "ரத்தம் டெஸ்ட் பண்ணணுமாம், சரின்னு சொல்லு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சரி என்றேன். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டை அந்தச் சிறிய பட்டையில் விட்டார்கள்; ஒரு கோடா, இரண்டு கோடா என்று கால்மணி நேரம் நாங்கள் இருவருமே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒற்றைக் கோடுதான் விழுந்தது, அதாவது தொற்று இல்லை. இரண்டு விழுந்திருந்தால், வேறு வகைப் பரிசோதனையால் அது உறுதியாகும் முன்பே வீடு முழுக்கத் தெரிந்திருக்கும். ஆகவே தங்கையை அறைக்குள் தனியாகப் போகச் சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டால், உறவினரல்லாத ஒருவரை மொழிபெயர்க்கக் கேட்கட்டும்.

முதல் முறை தொற்று இல்லை என்று வந்தாலும் கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் மீண்டும் கேட்பார்கள். நானும் முதலில் கோபப்பட்டேன். ஆனால் இடையில் புதிதாகத் தொற்றினால் அப்போதுதான் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும், குழந்தைக்குப் போகும் வாய்ப்பும் கூடும் என்று செவிலியர் சொன்ன பிறகு புரிந்தது.

மருந்து எதுவும் இல்லாவிட்டால், தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளில் நூறில் 15 முதல் 45 பேர் வரை தொற்றுக்கு ஆளாகலாம். சரியான சிகிச்சையில் அது 5-க்கும் கீழே இறங்குகிறது. இந்நாட்டில் ஒரு காலத்தில், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போவதைத் தடுக்கும் நெவிரப்பின் மருந்தைச் சில சோதனை மையங்களில் மட்டுமே அரசு கொடுத்துவந்தது. நோயாளிகளுக்காகப் போராடியவர்கள் வழக்குத் தொடுத்து, 2002 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றத்தில் வென்ற பிறகே நிலைமை மாறியது. இன்று தொற்றுள்ள தாய்க்கு வாழ்நாள் முழுவதற்கும் மாத்திரை இலவசம். குழந்தைக்கும் பிறந்தவுடன் மருந்து தொடங்கிவிடுகிறார்கள்.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது சேனை, அதாவது பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் வழக்கம். ஹூசேன் கூவாடியா, ஆனா கூட்சூடிஸ் ஆகியோர் இதே டர்பனில் ஆய்வு செய்து 1999-இல் வெளியிட்ட முடிவின்படி, தாய்ப்பாலோடு வேறு பானமோ உணவோ பெற்ற குழந்தைகளைவிட, தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளுக்குத் தொற்று குறைவாக இருந்தது. மாத்திரை வந்துவிட்ட இந்தக் காலத்திலும் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்றே சொல்கிறார்கள். தொற்றில்லாத தாய்க்கும் அதுவே விதி. என் மாமியார் கிண்ணத்தில் கரைத்து வைத்திருந்த சர்க்கரைத் தண்ணீரை மறுத்ததற்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பத்தியக் குழம்போடு வந்தார்.