கேளுங்கள், சொல்கிறேன்: ஃபெரெரோ வீட்டுச் சங்கதி

ஃபெரெரோ ரோஷர் சாக்லேட், ரொட்டியில் தடவும் நுட்டெல்லா, பிள்ளைகள் கேட்கும் கிண்டர் ஜாய் மூன்றும் ஃபெரெரோ என்ற ஒரே கம்பெனி வீட்டுப் பிள்ளைகள் என்று போன வாரம் சொல்லப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே பதில்.

மதுரைக்காரர்: அது ஸ்விஸ் கம்பெனிதானே சார்?

இல்லைங்க. வடமேற்கு இத்தாலியில், பீட்மான்ட் பகுதியின் ஆல்பா என்ற சின்ன ஊர். அங்கே இனிப்புக் கடை வைத்திருந்த பியெத்ரோ ஃபெரெரோ 1946-ல் தொடங்கியது. போர் முடிந்த நேரம். கோக்கோ கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் யானை விலை. ஆனால் ஊரைச் சுற்றியிருக்கும் லாங்கே குன்றுகளில் ஹேசல்நட் என்ற கொட்டைப் பருப்புக்குப் பஞ்சமில்லை. கோக்கோவைக் குறைத்து, அந்தப் பருப்பை அரைத்துச் சேர்த்தார்.

வித்தை அவருடையது அல்ல. நெப்போலியன் காலத்தில் பிரிட்டனோடு வணிகம் முடங்கிக் கோக்கோ அருகியபோதே டுரின் நகரத்தார் செய்து பார்த்ததுதான். அந்தக் கலவைக்கு ஜான்டூயா என்று பெயர். பியெத்ரோவின் சரக்கு கட்டியாக வரும். கத்தியால் சீவி ரொட்டியில் வைக்க வேண்டும். பிள்ளைகள் ரொட்டியை வீசிவிட்டு அதை மட்டும் தின்றார்கள் என்று ஒரு கதை உண்டு. நம் வீட்டில் இட்லியை ஒதுக்கிவிட்டுச் சர்க்கரையை மட்டும் நக்குவார்களே, அதே கதை.

சேலம் வாசகி: கட்டி எப்போ நுட்டெல்லா ஆச்சு?

1951-ல் இளக்கிச் 'சூப்பர்கிரேமா' என்று விற்றார்கள். பிறகு 'சூப்பர்' போன்ற பெருமைச் சொற்களுக்கு இத்தாலியச் சட்டம் தடை போட, பியெத்ரோவின் மகன் மிக்கேலே செய்முறையைத் திருத்தி நுட்டெல்லா என்று புதுப்பெயர் வைத்தார். 1964 ஏப்ரல் 20-ல் முதல் ஜாடி வெளியே வந்தது.

அதே வாசகி: அப்போ நுட்டெல்லா சாக்லேட்தானே?

லேபிளைத் திருப்பிப் பாருங்கள். முதலில் சர்க்கரை, அடுத்து பாமாயில், அப்புறம்தான் ஹேசல்நட் 13 சதம், கோக்கோ 7.4 சதம். என்னைக் கேட்டால் இவர்கள் பருப்பு வியாபாரிகள், கோக்கோ துணைக்கு வருகிறது.

கத்தார்வாசி: ரோஷருக்குள் என்னதான் இருக்கு? ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஒன்றைக் கத்தியால் இரண்டாக வெட்டுங்கள். நட்டநடுவே ஒரு முழுப் பருப்பு, அதைச் சுற்றிக் கிரீம், அதை மூடிய மெல்லிய வேஃபர் கூடு, அதன் மேல் நறுக்கிய பருப்போடு மில்க் சாக்லேட் பூச்சு. பல்லில் முதலில் நொறுங்குவது, பிறகு கரைவது, கடைசியில் கடிபடுவது என்று மூன்று கட்டம். 1982-ல் வந்தது. தங்கக் காகிதம் போட்டதில்தான் பாதி வெற்றி என்பேன். தாம்பூலத்தட்டில் வைத்தால்கூட நகைபோலத் தெரிகிறதே.

சென்னை வாசகர்: மே மாசத்தில் வாங்கினேன், மேலே வெள்ளையாகப் பூத்திருக்கு. பூஞ்சையா?

அநேகமாக இல்லை. வெயிலில் கோக்கோ வெண்ணெய் உருகி, குளிரும்போது மேலே வந்து உறைந்த படலம். நாற்றமும் பஞ்சுபோன்ற முடியும் இல்லையென்றால் தின்னலாம், அந்த நொறுக்கு மட்டும் இருக்காது. இத்தாலியிலேயே கோடைக்கு ரோஷரைக் கடையிலிருந்து எடுத்துவிடுவார்கள், தெரியுமா? ஃப்ரிட்ஜில் வைப்பதானால் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். நுட்டெல்லாவை மட்டும் வைக்காதீர்கள், கல்லாகிவிடும்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா: கிண்டர் ஜாயில் பாதி பொம்மை, பாதி கிரீம். ஏன் இந்த ஏமாற்று?

கோபம் புரிகிறது, எங்கள் வீட்டிலும் அந்தப் பொம்மைச் சக்கரங்கள் காலில் குத்துகின்றன. முதலில் 1974-ல் வந்தது கிண்டர் சர்ப்ரைஸ்: சாக்லேட் முட்டை, உள்ளே பொம்மை. உணவுக்குள் தின்ன முடியாத பொருளைப் புதைக்கக் கூடாது என்ற 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமெரிக்காவில் அதற்குத் தடை. ஜாயில் இரண்டும் தனித்தனிக் கூட்டில் இருப்பதால் சிக்கலில்லை. உருகி வழியும் சாக்லேட் ஓடு கிடையாது, கரண்டியால் அள்ளும் கிரீம்தான். வெயில் நாட்டுக்குத் தோதானது. மகாராஷ்டிரத்துப் பாராமதியில் இவர்களுக்குத் தொழிற்சாலையே இருக்கிறது.

கோவைக்காரர்: காதல் வரிகளோடு வரும் 'பாச்சி' சாக்லேட் இவர்களுடையதா?

இல்லை, அது இத்தாலியின் பெருஜியா நகரத்துப் பெருஜினா கம்பெனியுடையது. லூயிசா ஸ்பாஞோலி என்ற பெண்மணி, மிச்சம் விழுந்த ஹேசல்நட் துண்டுகளை வீணாக்காமல் 1922-ல் உருவாக்கியது. முஷ்டி மாதிரி இருந்ததால் முதலில் வைத்த பெயர் 'குத்து'! கடைக்காரரிடம் போய் ஒரு குத்து கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? 'முத்தங்கள்' என்று மாற்றிவிட்டார்கள், இத்தாலிய மொழியில் அதுதான் 'பாச்சி'.