மன்னிப்புக் கடிதத்துக்குப் பிறகு என்ன?

கேள்வி: தனியார் நர்சிங் கல்லூரி ஒன்றில் டியூட்டராக இருக்கிறேன். வார்டு போஸ்டிங்கில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி பிபி பார்க்காமலேயே சார்ட்டில் ஒரு அளவை எழுதிவிட்டாள். அவள் வகுப்புத் தோழி அதைக் கவனித்து வார்டு சிஸ்டரிடம் சொன்னாள். திரும்பப் பார்த்தபோது நோயாளிக்கு பிபி மிகவும் இறங்கியிருந்தது. உடனே கவனித்ததால் ஆபத்தில்லை. இப்போது சொன்னவளைத்தான் 'போட்டுக் கொடுத்தவள்' என்று ஹாஸ்டலில் ஒதுக்குகிறார்கள். மெஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. பெற்றோரை வரவழைத்து மன்னிப்புக் கடிதம் வாங்கினால் போதும் என்கிறார் முதல்வர். தவறு செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் நேரில் பேசி, பாதிப்பைச் சரிசெய்ய வழி தேடும் 'மறுசீரமைப்பு நீதி' பற்றி ஒரு பயிற்சியில் கேள்விப்பட்டேன். எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசவைக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வைக்கலாம், ஆனால் இந்த வாரமே வேண்டாம். வட்டமாக உட்காருவது கடைசிப் படி. அதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி முடித்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் மொத்த வகுப்புக்கு நடுவே அந்தப் பெண்ணை உட்காரவைத்தால், மெஸ்ஸில் நடப்பது உங்கள் கண்முன்னே இன்னொரு முறை நடக்கும்.

கடிதம் ஆபீஸ் கோப்புக்குப் போகிறது, பாதிக்கப்பட்டவரிடம் போவதில்லை. அதுதான் அதன் குறை. 1974-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், எல்மைரா என்ற ஊரில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 பேரின் சொத்துகளைச் சேதப்படுத்தினார்கள். நன்னடத்தை அதிகாரி ஒருவர் சொன்ன யோசனையை நீதிபதி ஏற்றார். இளைஞர்கள் வீடு வீடாகப் போய், உரியவர்களை நேரில் பார்த்து, நஷ்டத்தையும் கட்டினார்கள். தான் செய்தது யாரை எப்படித் தாக்கியது என்று பாதிக்கப்பட்டவர் வாயாலேயே கேட்பது, மறுசீரமைப்பு நீதியின் உயிர் அதில் இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் இரண்டு தவறுகள் இருக்கின்றன, அவற்றைக் கலக்காதீர்கள். பொய் அளவு எழுதியது ஒன்று, உண்மை சொன்னவளை ஒதுக்குவது இன்னொன்று. இரண்டையும் ஒரே வட்டத்தில் பேசினால், 'உன்னால்தான் அவளுக்கு இந்த நிலைமை' என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அவசரமானது இரண்டாவதுதான். அந்தப் பெண்ணிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். வட்டமே வேண்டாம் என்று அவள் சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள், ஒரு வார்த்தைகூட வற்புறுத்தாதீர்கள். அறைத் தோழிகளிடம் நீங்கள் தனியாகப் பேச வேறு வழிகள் இருக்கின்றன.

இதற்கும் முன்னால் ராகிங் தடுப்புக் குழுவிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009-ஆம் ஆண்டு விதிகள் மனரீதியான துன்புறுத்தலையும் ராகிங்கில் சேர்க்கின்றன, அதுவும் முதலாமாண்டு மாணவர்களுக்கு மட்டுமில்லை. தமிழ்நாட்டின் 1997 சட்டத்தில் ராகிங்குக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. மிரட்டலோ அடிதடியோ இருந்தால் அதை வட்டத்தில் பேசித் தீர்க்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. பாலியல் தொல்லை என்றால் உள்ளகப் புகார்க் குழுதான். அங்கேயும் சமரசப் பேச்சு, புகார் கொடுத்த பெண் தானாகக் கேட்டால் மட்டுமே; பணம் கொடுத்து முடிக்க முடியாது.

பொய் அளவு எழுதிய மாணவியிடம் 'ஏன் செய்தாய்?' என்று ஆரம்பிக்காதீர்கள், சாக்குத்தான் வரும். என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, யாருக்கெல்லாம் பாதிப்பு, சரிசெய்ய நீ என்ன செய்யப்போகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 'இருபது கட்டிலுக்கு ஒரே பிபி கருவி, கேட்டால் திட்டுவார்கள்' என்று அவள் சொல்லலாம். அப்படியானால் சரிசெய்யும் பொறுப்பில் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பங்கு உண்டு. அதை ஒப்புக்கொள்ள நிர்வாகம் தயாராக இல்லாவிட்டால், மாணவியை மட்டும் உட்காரவைத்துப் பேசுவது அநியாயம் என்பதே என் கருத்து.

நோயாளியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், உங்கள் கடிதத்திலும் அவர் ஒரே வரியில் வந்துபோகிறார். நடந்ததை அவருக்குச் சொல்ல வேண்டியது வார்டின் கடமை. மாணவிகள் பாடம் கற்பதற்காக அவரை வட்டத்துக்கு இழுக்க வேண்டாம். வார்டு சிஸ்டர் வந்து அவர் சார்பில் பேசட்டும்.

கடிதம் போதாது என்பதால் நடவடிக்கையே கூடாது என்றில்லை. 2014 கடைசியில் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பிரிவில், மாணவர்கள் சிலர் உடன் படித்த பெண்களைப் பற்றி ஃபேஸ்புக்கில் கேவலமாக எழுதியது வெளியே வந்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் சிலர் தாங்களாகவே இந்த வழியைக் கேட்டார்கள். பேச்சு மாதக்கணக்கில் நடந்து 2015 மே மாதம் அறிக்கை வந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் 13 மாணவர்கள் கிளினிக் வேலையிலிருந்து நிறுத்தியும் வைக்கப்பட்டார்கள். உங்கள் மாணவியும் கொஞ்ச நாள் மேற்பார்வையில்லாமல் நோயாளியைத் தொடக் கூடாது. அது நோயாளிக்கான பாதுகாப்பு என்று அவளிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வட்டத்தை நீங்கள் நடத்தாதீர்கள். இன்டர்னல் மார்க் உங்கள் கையில் இருக்கும்போது எந்த மாணவி மனம் திறப்பாள்? மார்க்கோடு சம்பந்தமில்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரைத் தேடுங்கள்.

பெற்றோரை வரவழைக்கத்தான் வேண்டுமென்றால், நடந்ததை முதலில் மகளே வீட்டில் சொல்ல இரண்டு நாள் அவகாசம் வாங்கிக்கொடுங்கள். நியூசிலாந்தில் 1989 சட்டப்படி சிறார் வழக்குகளில் குடும்பத்தையும் கூட்டி உட்காரவைக்கிறார்கள், பிள்ளை எப்படிச் சரிசெய்வது என்ற திட்டத்தில் பங்கெடுப்பதற்காக. உங்கள் முதல்வரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்று பேச்சின் முடிவை எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து அதே ஆட்களைக் கூட்டிச் சரிபார்க்கும் தேதியையும் அந்தத் தாளிலேயே போட்டுவிடுங்கள்.