வாகனங்கள் ஒன்றோடொன்று பேசும் 5ஜி வந்தால் பற்றரி சீக்கிரம் தீர்ந்துவிடாதா?

கிளிநொச்சியில் மின்சார ஓட்டோ ஓட்டுகிறவருக்கு இந்தப் பயம் வேண்டாம். வண்டியில் இருக்கும் 5ஜி கருவி அலையாக வெளிவிடும் உச்சத் திறன் பொதுவாக 200 மில்லிவாட் அளவுதான். மோட்டர் இழுப்பதோடு பார்த்தால் தூசு. சிக்கல் நடந்து போகிறவரின் போனுக்குத்தான். வாகனங்களின் எச்சரிக்கைக்காக அது எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டபடியே இருந்தால் சார்ஜ் இறங்கும். அதனால்தான் மொபைல் வலையமைப்புத் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின், 2022இல் முடிவான 17ஆம் வெளியீடு, குறித்த நேரத்தில் மட்டும் விழித்துக் கேட்டுவிட்டு மற்ற நேரம் உறங்க வழி செய்தது.

இன்னொன்று, வாகனங்கள் நேரடியாகவே பேசலாம். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் காட்டுவழியில் கோபுரத்துச் சிக்னல் இல்லாமல் போனாலும் எச்சரிக்கை வரும், இரு வண்டியிலும் கருவி இருந்தால். வீதியில் படுத்திருக்கும் மாட்டுக்கு? சரி, அதற்கு இப்போதைக்கு லைட்டும் பிரேக்கும்தான்.