பழைய போனும் ஃபைபர் லைனும்: கேளுங்க, சொல்றேன்

செம்பு லைனை விட்டு ஃபைபருக்கு மாறினவங்க, வீட்டுல இருக்கிற பழைய சாமானெல்லாம் ஓடுமான்னு கேட்டிருந்தீங்க. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல வேலை பார்த்தவனுங்க நான். எல்லாருக்கும் முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்: ஃபைபர்ல வெளிச்சம்தான் வரும், கரண்ட் வராது.

பொள்ளாச்சி: ஏனுங்ணா, அப்பா காலத்து சுத்தற டயல் போனை ஃபைபர் மோடத்துல மாட்டினேன். ரிங் வருது, பேச்சும் கேக்குது. நாம நம்பர் சுத்தினா மட்டும் போக மாட்டேங்குது. போன் கெட்டுப்போச்சுங்களா?

போன் நல்லா இருக்குதுங்க, தூக்கிப் போட்டுறாதீங்க. 5 சுத்தி விட்டா, டயல் திரும்பி வரும்போது லைனை 5 தடவை விட்டு விட்டுச் சேர்க்கும். 0-க்கு 10 தடவை. நொடிக்குச் சுமாரா 10 துடிப்பு, அதைத்தான் பல்ஸ்னு சொல்றது. பழைய எக்ஸ்சேஞ்ச் அதை எண்ணித்தான் நம்பரைப் புரிஞ்சுக்கும். பட்டன் போன் ஒவ்வொரு எண்ணுக்கும் ரெண்டு சுருதியை, அதாவது டோனை, சேர்த்து அனுப்பும். ஃபைபர் மோடம் பலதுக்கும் அந்தச் சுருதி மட்டும்தான் புரியும். சிலதுல பல்ஸ் டயலிங் செட்டிங் இருக்கும், லைன் போட்டவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. இல்லீன்னா பல்ஸை டோனா மாத்தற கன்வெர்ட்டரை நடுவுல போடலாம். வாங்கறதுக்கு முன்னாடி 0-ஐச் சுத்தி விட்டு, திரும்பி வர்றதைக் காது கொடுத்துக் கேளுங்க. சத்தம் ஒரே சீரா வரோணும். திக்கித் திக்கி வந்தா உள்ள எண்ணெய் பிசுக்கேறியிருக்கும். அதைச் சுத்தம் பண்ணாம கன்வெர்ட்டர் போட்டாலும் தப்பாத்தான் எண்ணும்.

கோபி, வக்கீல் ஆபீஸ்: ஃபேக்ஸ் பாதிப் பக்கத்துலயே நின்னுருதுங்க.

மோடம் குரலை டேட்டாவா மாத்தற முறைக்குக் கோடெக்னு பேரு. பேச்சைச் சுருக்கி அனுப்பற கோடெக்ல ஃபேக்ஸ் சத்தம் சிதைஞ்சு போகும். லைன் கொடுக்கறவங்களை, அதிகம் சுருக்காத ஜி.711 கோடெக்கை வைக்கச் சொல்லுங்க, ஃபேக்ஸுக்குன்னே இருக்கிற டி.38 வசதி இருக்கான்னும் கேளுங்க. ஃபேக்ஸ் மெஷின்ல அனுப்பற வேகத்தை நொடிக்கு 9600 பிட்டுக்குக் குறைச்சிருங்க.

திருப்பூர்: கரண்ட் போனா போனும் போயிருதே?

போகத்தான் செய்யும். செம்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில இருந்து 48 வோல்ட் வந்துட்டிருந்துச்சு. இப்ப உங்க மோடத்துக்கு நீங்கதான் கரண்ட் கொடுக்கோணும். அடாப்டர்ல எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்னு பார்த்து அதே அளவுக்கு மினி யுபிஎஸ் வாங்குங்க.

காங்கேயம்: கரண்ட் இல்லாதப்ப டயல் டோனே வர்றதில்லைங்க.

மேல திருப்பூர்க்காரருக்குச் சொன்னதுதானுங்க.

சென்னிமலை: மூணு ரூமுக்கு ஓடற பழைய வயர்லயே மோடத்தைக் கோக்கலாமுங்களா?

கோக்கலாம். ஆனா வெளியில இருந்து வர்ற செம்பு ஜோடியை முதல்ல கழட்டோணும். அதுல எக்ஸ்சேஞ்ச் வோல்ட் மிச்சம் இருந்தா மோடத்துல போன் மாட்டற போர்ட் எரிஞ்சு போகலாம். மணி அடிக்கற பழைய போன் மூணையும் சேர்த்து மாட்டாதீங்க, மூணு மணியையும் அடிக்க வைக்கிற சக்தி பல மோடத்துக்கு இருக்காது.

ஈரோடு: 0424 நம்பர் அப்படியே கிடைக்குமுங்களா?

அதை லைன் கொடுக்கறவங்களைத்தான் கேக்கோணும்.

அந்தியூர்: என்ன சொன்னாலும் செம்புக்கு ஈடாகாதுங்க. ராத்திரி பூரா கரண்ட் இல்லீன்னாலும் போன் பேசும்.

சத்தியமங்கலம்: பேசும், இடி விழுகற வரைக்கும்! ஐப்பசி வந்தா எங்க தோட்டத்துல போனைக் கழட்டி வெக்கறதே வேலை.

ரெண்டு பேர் சொல்றதும் நெசம். கம்பத்துல ஓடற செம்பு, இடியை வீட்டுக்குள்ளயே இழுத்துட்டு வரும். ஃபைபர்ல கண்ணாடி இழை கடத்தாது. ஆனா பல கேபிள்ல தாங்கறதுக்குப் பக்கத்துலயே இரும்புக் கம்பி ஓடுமே, அது கடத்தும். அதை வெளிச் சுவத்துலயே வெட்டி நிறுத்திட்டு, இழையை மட்டும் உள்ள விடச் சொல்லுங்க. மோடம் பிளக்கையும் இடிக்கு முன்னாடி பிடுங்கோணும்.

அந்தியூர்: மொபைல் சிக்னலே இல்லாத தோட்டத்துல வயசானவங்க தனியா இருக்காங்களே, அவங்களுக்கு?

அங்க செம்பு நல்லா இருந்தா எடுக்காதீங்கன்னுதான் சொல்வேன். எடுத்தே ஆகோணும்னா யுபிஎஸ் இல்லாம ஒரு நாள்கூட விடாதீங்க. வெளிச்சத்தைப் பல வீட்டுக்குப் பிரிக்கற ஸ்ப்ளிட்டர் நடுவுல இருக்கும், அதுக்குக் கரண்ட் வேண்டாம். லைன் கொடுக்கறவங்க முனையில வெளிச்சத்தை அனுப்பற ஓஎல்டிங்கற பெட்டிக்கு வேணும். அங்க பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்னு லைன் கொடுக்கறவங்ககிட்டக் கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

பவானி: அண்ணா, கரண்ட் போனா...

யுபிஎஸ் வாங்குங்க.